சாமியம்மா கையில் பேட்டரி

ஷிமொகோரி,
பிப்ரவரி 19

அன்புள்ள ரியோஜுனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், கோயில் கூரை நலம், பூனை என்னைவிட நலம். பாங்காக்கில் ஃபேனுக்கு அடியில் நீ நலமாகத்தான் இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் அதைக் கேட்டுத் தாளை வீணாக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ போனில் கேட்கிற ஒரே கேள்விக்கு முதலில் எழுத்திலேயே பதில் தந்துவிடுகிறேன், இனிமேல் அந்தச் செலவும் உனக்கு மிச்சம். கையுறை வேலை செய்கிறது. இடதும் வேலை செய்கிறது, வலதும் வேலை செய்கிறது. "அம்மா, கிளவுஸ் சூடாகுதா?" "ஆகுதுடா." "சார்ஜ் நிக்குதா?" "நிக்குது." "சரிம்மா, வச்சுடறேன்." மூன்று மாதமாக இதுதான் நம் பேச்சு. போன வாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன், நாலு நிமிஷம். பேட்டரி இரண்டரை மணி நேரம் நிற்கிறது, நீ நாலு நிமிஷம் நிற்கிறாய். சீனாக்காரன் செய்த சாமானைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பார்சல் வந்த அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். நவம்பர் கடைசி, கிங்கோக் கொட்டை அழுகி ஊரே நாறிக்கொண்டிருந்த வாரம். பெட்டியைப் பிரித்தால் கரடியின் பாதம் இரண்டு உள்ளே படுத்திருக்கிறது. மணிக்கட்டில் ஆளுக்கொரு பேட்டரி, புறங்கையில் ஒரு பொத்தான், அதில் விளக்கு வேறு. பச்சை எரிந்தால் இளஞ்சூடு, மஞ்சள் எரிந்தால் நடுத்தரம், சிவப்பு எரிந்தால் கொதி. ஆறு மொழியில் அச்சடித்த தாளில் 'துவைக்கக் கூடாது' என்ற வரியை மட்டும் நீ பேனாவால் கோடு போட்டு அனுப்பியிருந்தாய். பெற்றவள் எதைக் கண்டாலும் துவைத்துவிடுவாள் என்று தெரிந்து வைத்திருக்கிறாயே, அந்த மட்டும் சந்தோஷம். கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா போன பிறகு அறுபத்தொரு வயதில் நான் தலைமைக் கோயிலுக்குப் போய், மீசை முளைக்காத பையன்களோடு வரிசையில் மண்டியிட்டுத் தீட்சை வாங்கினேன். அப்போது என் முட்டிக்கு ஒரு தைலம்கூட அனுப்பத் தோன்றாதவனுக்கு இப்போது என் விரல்மேல் என்ன அக்கறை என்று யோசித்தேன். அப்புறம் விளங்கிவிட்டது. ஆகஸ்ட்டில் நீ வந்து மூன்று நாள் இருந்தாயே, அப்போது வண்டியின் கைப்பிடியில் உன் அப்பா மாட்டிவைத்த பஞ்சு மூடிகளைப் பார்த்து, "என்னம்மா இது, யானைக் காது மாதிரி, பேப்பர் போடறவங்க வண்டி கணக்கா, எனக்கே வெக்கமா இருக்கு" என்றாய். வருஷத்துக்கு மூன்று நாள் வருகிறவனுக்கு வெட்கம் மட்டும் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இருக்கிறது.

சரி, பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று மாட்டிக்கொண்டேன். அந்தப் பருத்த கை மூடிக்குள் நுழையாது, அதனால் மூடிகளைக் கழற்றினேன். ஒன்றில் பூனை குடிபோனது, இன்னொன்றையும் அதற்கே கொடுத்துவிட்டேன், மாடி வீடு மாதிரி வைத்துக்கொண்டது. முதல் நாள் இபுகி மலைக் காற்று வயல்வெளியில் எதிரே அடிக்கிறது, வழக்கமாகக் கால்வாய்க் கரை தாண்டுவதற்குள் விரல் என்னுடையதா கடையில் வாங்கியதா என்று தெரியாமல் போய்விடும், அன்றைக்கு உள்ளே வெந்நீர்க் குளம்போல இருந்தது. பொய் சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது, உன்னை வாய்விட்டு வாழ்த்தினேன். ஆனால் கட்டைவிரல் கட்டையாகவே போய்விட்டதால் திரும்புகிற விளக்கைப் போடப் போனால் ஹாரன் அடிக்கிறது. காலை எட்டு மணிக்கு, சருகு விழுந்தால் கேட்கிற ஊரில், அங்கி கட்டிக்கொண்டு ஒரு சாமியம்மா முக்குக்கு முக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போகிறாள். ஜன்னல் ஜன்னலாகத் திறந்தார்கள். "சாமியம்மா கையில பல்பு எரியுதுடீ" என்று ஒருத்தி உள்ளே பார்த்துக் கூவியது எனக்கே கேட்டது.

கிகுனோ வீட்டுக் கூத்தைக் கேள். அவள் கணவருக்கு மாதாமாதம் ஐந்தாம் தேதி திதி. அதற்கு முந்தின வீட்டில் ஓதி முடித்ததும் இரண்டு சர்க்கரைவள்ளிக் கொழுக்கட்டை கொடுத்தார்கள், அங்கிக் கையில் தொங்குகிற பைக்குள் போட்டேன். கிகுனோ வாசலில் கையுறையைக் கழற்றி அதையும் அதே பைக்குள் திணித்தேன், அணைக்க மறந்துவிட்டேன், சிவப்பில் வேறு இருந்திருக்கிறது. புத்தர் மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாதி ஓதுவதற்குள் கொழுக்கட்டை என் கையோரமாகச் சூடேறி, அறை முழுக்க இனிப்பு வாசம். பின்னாலிருந்து விசும்பல் கேட்கிறது. "அவருதான், அவருக்கு உசுரே அந்தக் கொழுக்கட்டதான், வாசம் வருது பாருங்க, வந்துட்டாரு!" என்று கிகுனோ மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டு அழுகிறாள். போனவர் திரும்பி வருவதில்லை, ஆவி என்பதெல்லாம் நம் மார்க்கத்தில் கிடையாது என்று மாதாமாதம் அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்கிறவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அங்கிக்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு என்ன தர்மத்தைப் போதிப்பது? இந்த மாதமும், "இன்னிக்கி வாசம் வரலியே சாமியம்மா" என்று ஏக்கமாகக் கேட்டாள். இந்தப் பாவத்தில் பாதி உன் பங்கு.

இதுவரை சிரிப்பு, இனிமேல்தான் விஷயம். முன்பெல்லாம் ஒரு காலையில் நாலு வீடு போய்வரப் பன்னிரண்டரை ஆகும், உன் அப்பாவுக்கும் அப்படித்தான், உனக்குத் தெரியும், சின்ன வயதில் பசிக்கிறது என்று வாசலில் நின்று அழுவாய். ஓதுவது என்னவோ கால் மணி நேரம்தான். விறைத்த கையோடு போனால் மணியடிக்கிற கோல் நிற்காது, ஜபமாலை நழுவும், அதனால் எந்த வீட்டிலும் முதல் வார்த்தை, "கைய உள்ள வைங்க முதல்ல" என்பதுதான். அடியில் கணப்பு வைத்த மேசையின் போர்வையைத் தூக்கி விடுவார்கள், டீயைக் கையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். பிப்ரவரியில் கையுறையும் மூடியும் போட்டுப் போனாலும் கையில் உயிர் வர ஒரு அரை மணி ஆகும், அதுவரை சும்மா எப்படி உட்காருவது, பேசிக்கொண்டிருப்போம். மருமகள் பேசுவதில்லை, பல் செட்டு சேரவில்லை, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அதுஇது. நீ அனுப்பிய புண்ணியத்தில் அதெல்லாம் ஒழிந்தது. போனேன், கழற்றினேன், ஓதினேன், காணிக்கை உறையை வாங்கினேன், கும்பிட்டேன், வண்டியை எடுத்தேன். பத்து மணிக்கு நாலு வீடும் முடிந்தது. கெட்டிக்காரி என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை. கால்வாய் முக்கில் இருக்கிற காப்பிக் கடையில் காலைக் காப்பிக்கு ரொட்டியும் முட்டையும் இனிப்புப் பயறு மசியலும் சும்மா வைக்கிறான், பதினொரு மணிவரைக்கும். நாற்பது வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டியும் அந்த நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே கிடையாது. டிசம்பர் முழுக்க உட்கார்ந்தேன். வெண்ணெய் தடவித் தின்றேன்.

இப்போது தோகுஜி ஐயா. கிங்கோத் தோப்பு வைத்திருக்கிற எண்பத்தொரு வயதுக்காரர், நீ கொட்டை பொறுக்கப் போய்க் கை பூராவும் அரிப்பு வாங்கி வருவாயே, அவர்தான். அவர் மனைவி தமேயோவுக்கு மாதாமாதம் பதினேழாம் தேதி திதி. உன் அப்பா காலத்திலேயே அந்த வீட்டில் ஒரு வழக்கம், மற்ற வீடு மாதிரி போர்வையைத் தூக்கி விடமாட்டார்கள், வாசல் நடையிலேயே ஒரு பேசினில் வெந்நீர், அதில் யூசு எலுமிச்சைத் தோல் இரண்டு மிதக்கும், தமேயோ உன் அப்பாவின் கையை அதில் முக்கி வைக்கச் சொல்வாள். அவள் போய் நாலு வருஷம் ஆகியும் ஐயா அதை விடவில்லை. டிசம்பர் பதினேழு அன்றைக்கும் பேசின் ஆவி பறக்க இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "இதெல்லாம் எதுக்குங்க இனிமே, எம் பையன் என்ன அனுப்பியிருக்கான் பாருங்க, தொட்டுப் பாருங்க எப்படிச் சுடுதுன்னு" என்று என் கையை அவர் கையில் வைத்துப் பீற்றிக்கொண்டேன். அவர் கை ஐஸ்கட்டி. அவர் அடுப்பு ஏற்றுவதே மாதத்தில் நான் வருகிற அந்த ஒரு நாள்தான், அதுவும் பேசினுக்காக. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. "நல்லதுங்க, நல்ல பையன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஓதிவிட்டு இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டேன். வண்டியைத் திருப்பும்போது அவர் பேசினைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றுவது தெரிந்தது. நான் ஹாரன் அடித்துவிட்டுப் போனேன், தெரியாமல்தான்.

ஜனவரி பதினேழுக்குப் போனால் கதவில் ஒரு தாள். 'இம்மாதம் ஓதல் தேவையில்லை. தங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும்.' வெளியூர் போயிருப்பார் என்று நினைத்துத் திரும்பினேன், ஜன்னல் திரை ஆடியது. உள்ளேதான் இருக்கிறார்! எனக்குச் சுருக்கென்று வந்தது. ஓதல் வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னால் அது கோயிலையே கைகழுவுகிற மாதிரி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கோயில் வீட்டில் பிறந்தவன். இந்த வயதில் இந்த மனிதருக்கு என்ன ரோஷம் வேண்டிக்கிடக்கிறது என்று திட்டிக்கொண்டே நேராகக் காப்பிக் கடைக்குப் போனேன். அங்கே கோயில் பொறுப்பாளர் வீட்டு மிட்சுயோ உட்கார்ந்திருந்தாள். அவள் நாக்கு உனக்குத் தெரியும், எலுமிச்சையை வெட்டக் கத்தி வேண்டாம். "வாங்க சாமியம்மா, எங்க வீட்டு டீ எறங்காது, இவன் காப்பி எறங்கும்" என்றாள். நான் தாளைக் காட்டி நியாயம் கேட்டேன். அவள் முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த மனுசன் மாசத்துல ஒரு நாள்தான் வாயத் தொறக்கறாரு. அந்தப் பதினேழாம் தேதிதான். அதையும் நீங்க பேட்டரியப் போட்டு ஓட்டிட்டீங்க. அவரு மட்டும் இல்ல, ஊரே சொல்லுது, பையன் பேட்டரி அனுப்பிட்டான், அடுத்தது டிக்கெட் அனுப்புவான், சாமியம்மா கோயில இழுத்துப் பூட்டிட்டுப் பாங்காக் போயிருவாங்கன்னு. அதான் இந்த அவசரமாம். மார்ச் எட்டாம் தேதி கூட்டத்துல நம்ம கோயில பக்கத்து ஊரோட சேத்துரலாமான்னு பேசப் போறாங்க. நீங்க ரொட்டி சாப்பிடுங்க, ஆறிடும்." ரொட்டி இறங்கவில்லையடா.

அதற்கப்புறம் பதினேழாம் தேதிக்கு ஒரு மாதம் காத்திருந்தேன். முந்தாநாள்தான் போனேன். கூப்பிடவில்லை, தாளும் எடுத்தபாடில்லை, ஆனாலும் போனேன். காற்றில் பனித்தூள் பறந்தது. கையுறையைப் பச்சையில் போட்டுப் பார்த்தேன், அணைத்தும் பார்த்தேன், உன் சாமான் அணைந்த பிறகும் சூட்டை விடமாட்டேன் என்கிறது. கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓட்டினேன். பாலத்திலிருந்து அவர் வீடு எழுநூறு மீட்டர்தான். முந்நூறு மீட்டரிலேயே விரல் போய்விட்டது, பிரேக்கைப் பிடித்தது கையா மணிக்கட்டா தெரியாது. கதவைத் தட்டக் கை வரவில்லை, முழங்கையால் இடித்தேன். திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நடையில் பேசின், ஆவி, எலுமிச்சைத் தோல். வேண்டாம் என்று எழுதி ஒட்டிவிட்டு எதற்கு வெந்நீர்? அவரே சொன்னார்: "பாலத்துல வண்டி நின்னத ஜன்னல்ல பாத்துட்டுதான் இருந்தேன், இப்ப வெறுங்கையோட நிக்கறீங்க. அறுபத்தஞ்சு வயசுல என்னம்மா கூத்து இது. தண்ணி ஆறுது, வைங்க." போன மாதமும் வைத்தாராம். அதையும் மரத்துக்கே ஊற்றினாராம்.

கையில் உயிர் திரும்பும்போது என்ன வலி வலிக்கும் என்று நீ மறந்திருப்பாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பக்கத்தில் கெட்டிலோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். யோகோஹாமாவில் இருக்கிற மகள் தோப்பை விற்றுவிட்டு வரச் சொல்கிறாளாம், அவள் வீடு எட்டாவது மாடியாம், அங்கே தமேயோவை வைத்துக் கும்பிடுகிற புத்தர் மாடத்துக்கு இடம் இல்லையாம். மாடத்தை என்ன செய்வது, ஓதி மூடிவிட்டுப் போனால் தமேயோ கோபித்துக்கொள்வாளா, இதைத்தான் டிசம்பரில் கேட்கலாம் என்று இருந்தாராம். "நீங்க கை சூடா இருக்குன்னீங்களா, அப்புறம் கேக்கத் தோணல" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. எங்கேயும் போகாவிட்டால் எதையும் மூட வேண்டாம், போகத்தான் வேண்டும் என்றால் மாடம் நம் கோயிலுக்கு வரட்டும், பதினேழாம் தேதி நான் ஓதுகிறேன் என்று சொன்னேன். அவர், "கோயிலு இருக்குமா? பையன் வருவானா?" என்று கேட்டார். அப்பா இடத்துக்கு நீ வருவாயா என்று மூன்று வருஷமாக நம் கோயிலைச் சேர்ந்த நூற்றுப்பத்து வீட்டிலும் கேட்கிறார்கள், நூற்றுப்பத்து வீட்டிலும் நான், "யோசிச்சுட்டு இருக்கான்" என்றுதான் சொல்லி வருகிறேன். உனக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன், பஸ்ஸே போய்விட்டாலும் எடுக்கமாட்டேன் என்கிற பிடிவாதம். அன்றைக்குக் கை தண்ணீருக்குள் இருந்தது. என்னையறியாமல், "வரமாட்டான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. அவர் கெட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார். "அப்ப கை இன்னுங் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார்.

அழுதேன் என்று எழுதினால் நீ போன் பண்ணி ஐந்து நிமிஷம் பேசுவாய் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். அழுதேன். அப்புறம் ஓதினேன், நன்றாகவே வந்தது, மணி சுத்தமாக ஒலித்தது. வெளியே வந்து பார்த்தால் கூடையில் உன் கையுறை இரண்டும் சிவப்பு விளக்கோடு கொதித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்துகிறேன் என்று நினைத்துப் பொத்தானை ஒரு தடவை அதிகமாக அழுத்தியிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் வண்டிக் கூடை குளிர் காய்ந்திருக்கிறது, வீடு வருகிற வழியில் பாதியிலேயே பேட்டரி தீர்ந்தது.

கையுறையைத் தூக்கிப் போட்டுவிட்டேனோ என்று பயப்படாதே. தினம் மாட்டுகிறேன், தினம் உன்னை நினைக்கிறேன், ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்ச தூரம் முன்னால் கழற்றிக் கூடையில் போட்டுவிடுகிறேன். நேற்று மறுபடியும் பன்னிரண்டரை ஆகிவிட்டது வீடு வர, மிட்சுயோ வீட்டில் மூன்று டீ. பூனையிடமிருந்து ஒரு மூடியை மட்டும் பிடுங்கி, முடியைத் தட்டி, கையுறை நுழைகிற அளவு தையலைப் பிரித்து, இடது கைப்பிடியில் மாட்டியிருக்கிறேன். இன்னொன்றுக்கு அது சீறுகிறது. ஒற்றைக் காதோடு வண்டி நிற்கிறது, நீ பார்த்தால் வெட்கத்தில் செத்தே போவாய். நீ ஐஸ் போட்டுக் கண்டதையும் குடிக்காதே, சின்ன வயதிலிருந்தே உனக்குத் தொண்டை ஆகாது. ராத்திரிச் சோற்றை ஒழுங்காகச் சாப்பிடு. கிங்கோக் கொட்டை ஒரு பொட்டலம் இதோடு வருகிறது, தோகுஜி ஐயா கொடுத்தது. கையில் அரிப்பு வராது, காய வைத்ததுதான்.

மார்ச் எட்டாம் தேதிக் கூட்டத்தில் எழுந்து நின்று நானே சொல்லப் போகிறேன், மகன் வரமாட்டான், ஆனால் நான் எங்கும் போகவில்லை, என் கை ஓடுகிறவரை ஓதுவேன், அதற்கப்புறம் பக்கத்து ஊரோடு சேர்ப்பதோ வேறு ஆள் பார்ப்பதோ உங்கள் இஷ்டம் என்று. உன்னைக் கேட்காமல் உன் பதிலை நான் சொல்வது தப்புதான். நீ மூன்று வருஷமாகச் சொல்லாமல் இருந்தது அதைவிடத் தப்பு. நான் சொல்லப்போவது உண்மையென்றால் ஒரு வரி எழுதிப் போடு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன், உன்மேல் கோபம் இருக்காது, வருத்தம் இருக்கும், அதை மறைக்கப் போவதில்லை. பொய்யென்றால் எட்டாம் தேதிக்குள் வந்து எல்லார் முன்னாலும் என்னைப் பொய்க்காரி ஆக்கு. சாமியம்மா பொய் சொன்னாள் என்று ஊரே சிரிக்கட்டும், மிட்சுயோ ஒரு வருஷம் சொல்லிக் காட்டட்டும். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.

அமிதா புத்தர் உன்னை அந்த வெயிலிலும் கண் திறந்து பார்க்கட்டும். உன் அப்பாவின் திதி இருபத்திரண்டு, மறந்திருப்பாய், நாலு நிமிஷம் அதற்கும் ஒதுக்கு.

விறைத்த கையால் எழுதியதால் எழுத்துக் கோணல், பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சதோயே